பதில் வராத மூன்று அட்டைகள்

என் முழங்கால் வலியை விசாரித்து எழுதிய எல்லோருக்கும் நன்றி, இப்போது பரவாயில்லை. இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கைவேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த தம்பி ஒருவன் இப்போது அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இருக்கிறான். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். அங்கே போய் அவனுக்கு பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. போன வாரம், "டீச்சர், எங்க டீமுக்கு ஒரு இன்ஃபீல்டர் தேவை. நல்ல ஆள் ஒருத்தன் ஃப்ரீ ஏஜென்டா இருக்கான். ஆனா வயசாயிடுச்சு, தோள்ல வலி வேற. எடுக்கலாமா வேண்டாமான்னு ஆபீஸ்ல ஒரே சண்டை. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

கிட்டிப்புள்ளுக்கும் பேஸ்பாலுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று நினைத்துத்தான் விளையாட்டாகக் கேட்டான். "உங்க டீம் ரெட் சாக்ஸ்தானே? இதே கேள்வி 1945-ல அவங்களுக்கு வந்தது. அன்னிக்கு அவங்க பேப்பரை வெறுமனே மடிச்சுக் கொடுத்துட்டு எழுந்து போயிட்டாங்க" என்றேன். அவனுக்கு அந்தக் கதை தெரியவில்லை. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஒன்பது பேர். பந்து வீசுபவர், பிடிப்பவர் போக, மூன்று பேர் தொலைவில் நிற்பார்கள். நான்கு பேர் பேஸ்களை ஒட்டி உள்ளே நிற்பார்கள். இந்த நால்வர்தான் இன்ஃபீல்டர்கள். தரையை ஒட்டி வரும் வேகமான பந்தைக் குனிந்து எடுத்து, நிமிரும்போதே எறிய வேண்டும். எனவே கையும் தோளும் முக்கியம். ஒப்பந்தக் காலம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையில் இருப்பவர் ஃப்ரீ ஏஜென்ட். அந்தச் சுதந்திரம் எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கதையோடு அதற்கும் சம்பந்தம் உண்டு.

1945 ஏப்ரல். இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியவில்லை. அமெரிக்காவின் மேஜர் லீக் என்ற உயர்மட்டப் போட்டியில் அப்போது ஒரு கறுப்பின வீரர்கூடக் கிடையாது. கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. 1884-ல் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் டொலிடோ அணிக்கு ஆடியிருக்கிறார். அதன்பின் முதலாளிகள் தங்களுக்குள் வாய்மொழியாக வைத்துக்கொண்ட ஏற்பாடு அறுபது ஆண்டு நீடித்தது. எழுதி வைத்த விதியென்றால் கிழித்துப் போடலாம். எழுதாத விதியை எங்கே போய்க் கிழிப்பது?

பாஸ்டனில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடத்த அப்போது நகர மன்றத்தின் அனுமதி வேண்டியிருந்தது. மன்ற உறுப்பினர் இசடோர் மக்னிக், கறுப்பின வீரர்களுக்கு ஒரு வாய்ப்பாவது கொடுத்துப் பார்க்காவிட்டால் அந்த அனுமதிக்குக் குறுக்கே நிற்பேன் என்றார். 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையின் விளையாட்டுச் செய்தியாளர் வெண்டல் ஸ்மித் உடனே மூன்று வீரர்களை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ். ராபின்சனும் வில்லியம்ஸும் இன்ஃபீல்டர்கள். ஏப்ரல் 12-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்துபோனார். சோதனை தள்ளிப்போய், ஒருவழியாக ஏப்ரல் 16 காலை ஃபென்வே பார்க் மைதானத்தில் நடந்தது.

சோதித்தவர்களில் முக்கியமானவர் ஹ்யூ டஃபி என்ற 78 வயதுப் பயிற்சியாளர். சாதாரண ஆள் இல்லை. 1894-ல் .440 என்ற பேட்டிங் சராசரி எடுத்தவர். ஆயிரம் முறை அடிக்கப் போனால் 440 முறை உருப்படியாக அடித்துவிடுவார் என்று பொருள். அந்த ஆட்டத்தில் முந்நூறு வந்தாலே கெட்டிக்காரன். மூவரும் ஓடினார்கள், பிடித்தார்கள், எறிந்தார்கள், அடித்தார்கள். ஃபென்வேயின் இடதுபக்கத்தில் 37 அடி உயரச் சுவர் ஒன்று உண்டு. இன்று அதைப் பச்சை அரக்கன் என்கிறார்கள். அன்று அதற்குப் பச்சை வர்ணம்கூட அடிக்கவில்லை, முழுக்க விளம்பரங்கள். ராபின்சன் அடித்த பந்துகள் அந்தச் சுவரில் போய் மோதின என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முடிந்ததும் மூவரிடமும் விண்ணப்ப அட்டை கொடுத்தார்கள். நிரப்பிக் கொடுத்தார்கள். தகவல் சொல்லுகிறோம் என்று அனுப்பிவைத்தார்கள்.

தகவல் வரவேயில்லை. வேண்டாம் என்றுகூட ஒரு வரி வரவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, தபால்காரர் சைக்கிள் மணிச் சத்தத்துக்கு வாசலில் காத்திருந்த காலம் எனக்கும் உண்டு. இல்லை என்று ஒரு கடிதம் வந்தால் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஒன்றுமே வராமல் இருப்பது வேறு வகை.

சரி, அன்றைக்கு ரெட் சாக்ஸுக்கு இன்ஃபீல்டர் தேவைப்பட்டதா? நியாயமாகக் கணக்குப் பார்ப்போம். இரண்டாம் பேஸில் ஆடும் நட்சத்திரம் பாபி டோர் ராணுவத்தில். ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தில் ஆடும் ஜானி பெஸ்கி கடற்படையில். ஆள் இல்லாததால் 38 வயதான மேனேஜர் ஜோ குரோனின் தானே மூன்றாம் பேஸில் இறங்கி ஆடினார். சோதனை நடந்த மூன்றாவது நாள், ஏப்ரல் 19-ல், நியூயார்க்கில் ஆடும்போது அவருக்குக் கால் முறிந்தது. அந்த ஆண்டு எட்டு அணிகளில் ரெட் சாக்ஸுக்கு ஏழாவது இடம். அட்டை நிரப்பிக் கொடுத்த இன்ஃபீல்டருக்கு அப்போது வயது 26.

மற்ற அணிகளும் எப்படித் திண்டாடின தெரியுமா? 1944-ல் சின்சினாட்டி அணி ஜோ நக்ஸ்ஹால் என்ற 15 வயதுப் பையனைப் பந்துவீச இறக்கியது. 1945-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியில் பீட் கிரே என்ற, வலது கையை இழந்த வீரர் 77 ஆட்டம் ஆடினார். அந்த மனிதரின் மனவுறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் முதலாளிகளின் தேடல் எந்த எல்லை வரை போய், எந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றது என்று பாருங்கள்.

குரோனின் பிற்காலத்தில் ஒரு சமாதானம் சொன்னார். புதிய வீரர்களை முதலில் ஒரு கீழ்நிலை அணிக்கு அனுப்பிப் பழக்குவது வழக்கம். ரெட் சாக்ஸின் அந்த அணி கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தில் இருந்தது. அது இனப்பிரிவினை இருந்த ஊர், அங்கே இவர்களை எப்படி அனுப்புவது என்றார். இது முழுப் பொய்யல்ல. அந்த ஊரில் அவர்கள் பட்டிருப்பார்கள். ஆனால் இதை ஒரு தாளில் எழுதி மூவருக்கும் அனுப்பியிருக்கலாமே? வேறு ஊர் தேடியிருக்கலாமே? ஆறே மாதத்தில் இன்னொருவர் தேடிக் கண்டுபிடித்தார்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதைப் பல வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் பணியிடம் கிடையாது. வட்டார அளவிலான கோ-கோ போட்டிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. காலனித் தெருவிலிருந்து வந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, காற்று மாதிரி ஓடுவாள். கம்பத்தைத் தொட்டுத் திரும்பும்போது அவளைப் பிடிக்க யாராலும் முடியாது. ஊரில் செல்வாக்கான ஒரு வீட்டிலிருந்து தங்கள் பெண்ணைச் சேர்க்கச் சொல்லி ஆள் வந்தது. கூடவே, யாரோடு ஒன்றாக வேனில் அனுப்பப் போகிறீர்கள் என்றும் ஒரு கேள்வி. நான் வாதாடவில்லை. அந்தக் குழந்தை இரண்டு நாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, "டீச்சர், என் பேரு இருக்கா?" என்று கேட்டது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றேன். அடுத்த வருடம் அவள் பள்ளிக்கே வரவில்லை. பாஸ்டன்காரர்களைத் திட்டுவதற்கு எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி புரூக்ளின். டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, மெதடிஸ்ட் குடும்பத்துப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கவே போகமாட்டார். அதே சமயம் காசு விஷயத்தில் மகா கெட்டி. கறுப்பின வீரரை எடுப்பது என்று முடிவு செய்தபின், யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க, 'பிரவுன் டாட்ஜர்ஸ்' என்று தனியாக ஒரு கறுப்பின அணி தொடங்கப் போவதாக அறிவித்துவிட்டு நாடு முழுவதும் ஆள் தேடினார்.

ராபின்சனை அவர் எடைபோட்ட விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. பாதகங்களைப் பாருங்கள். புதிதாக ஒரு வீரரை எடுக்க 26 வயது அதிகம். ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு அவர் கை வலு போதாது என்ற பேச்சு இருந்தது. கிளைட் சூக்ஃபோர்த் என்பவரை அனுப்பி, அந்தக் கையை மட்டும் பார்த்துவிட்டு வா என்றார் ரிக்கி. அவர் சிகாகோவுக்குப் போனால், ராபின்சனுக்குத் தோளில் அடி. எறியவே முடியாது! பார்க்கப் போன ஒரே விஷயத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பேசிப் பார்த்துவிட்டு, ஆளையே புரூக்ளினுக்கு அழைத்து வந்துவிட்டார் சூக்ஃபோர்த். நம் பாஸ்டன் தம்பி தோள் வலி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது இதனால்தான்.

இன்னொரு பாதகம், கோபக்காரர் என்ற பெயர். 1944 ஜூலையில் டெக்சாஸில் ராணுவ லெஃப்டினென்டாக இருந்தபோது, பேருந்தில் பின்னால் போய் உட்காரச் சொன்ன ஓட்டுநருக்கு முடியாது என்றார். ராணுவ நீதிமன்றம் வரை போய் விடுதலை ஆனார். இந்தத் தாளை வைத்துக்கொண்டு, தொந்தரவு பிடித்தவன் என்று ஒருவர் ஒதுக்கலாம். நியாயத்துக்கு நிற்பவன் என்று இன்னொருவர் எடுக்கலாம். தாள் ஒன்றுதான்.

சாதகங்கள்: கலிபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுகளில் ஆடியவர். வெள்ளையர்களோடு ஒரே அணியில் ஆடிப் பழக்கம். அண்ணன் மாக் ராபின்சன் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வாங்கியவர். ஜாக்கிக்குக் குடிப்பழக்கம் இல்லை. ரேச்சல் என்ற பெண்ணோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. கறுப்பின லீக்குகளில் அவரைவிடப் பெரிய பெயர்கள் இருந்தன, சாட்சல் பெய்ஜ், ஜாஷ் கிப்சன். ஆனால் ரிக்கி தேடியது அன்றைக்கு இருந்த சிறந்த ஆட்டக்காரரை அல்ல, வசவுகளைத் தாங்கிக்கொண்டு ஆடக்கூடியவரை.

1945 ஆகஸ்ட் 28. சுமார் மூன்று மணி நேரம் பேசினார்கள். எதிரணிக்காரன் எப்படித் திட்டுவான், ஹோட்டல்காரன் எப்படி விரட்டுவான் என்று ரிக்கியே நடித்துக் காட்டினார். அவ்வளவுக்கும் கை ஓங்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டார். ராபின்சன் சம்மதித்தார். மாதம் 600 டாலர், முன்பணம் 3,500 டாலர். லூயிவில் சிக்கல் ரிக்கிக்கும் உண்டல்லவா? அவர் கனடாவில் இருந்த மான்ட்ரியால் அணிக்கு அனுப்பினார். அவ்வளவுதான் விஷயம். 1946-ல் ராபின்சனின் சராசரி .349, அந்த லீக்கில் முதலிடம். 1947 ஏப்ரல் 15-ல் புரூக்ளின் அணிக்காக முதல் பேஸில் இறங்கினார். அது அவருக்குப் பழக்கமில்லாத இடம். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம். பிறகு இரண்டாம் பேஸ். 1949-ல் .342 சராசரி, லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது. திட்டு, மிரட்டல் கடிதம், வேண்டுமென்றே உடம்பைப் பார்த்து எறிந்த பந்து, எல்லாவற்றுக்கும் நடுவில்.

பாஸ்டன் என்ன இழந்தது? 1948-ல் ரெட் சாக்ஸும் கிளீவ்லண்டும் 96 வெற்றிகளோடு சமமாக நின்றன. முடிவு செய்ய ஃபென்வேயிலேயே ஒரே ஒரு ஆட்டம். கிளீவ்லண்ட் 8-3 என்று வென்றது. அந்த அணியில் லாரி டோபி, சாட்சல் பெய்ஜ் என்று இரண்டு கறுப்பின வீரர்கள். 1949-ல் நியூயார்க் யாங்கீஸுக்கு 97 வெற்றி, ரெட் சாக்ஸுக்கு 96. இரண்டு ஆண்டும் ஒரே ஆட்ட வித்தியாசம். 1949-ல்தான் ராபின்சன் சிறந்த வீரர். ஒருத்தர் வந்திருந்தால் ஒரு ஆட்டம் கூடுதலாக ஜெயித்திருக்க மாட்டார்களா? வரலாற்றில் 'இருந்தால்' என்ற சொல்லைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள்தான் நான். இந்த இடத்தில் மட்டும் என்னை மன்னித்துவிடுங்கள். ரெட் சாக்ஸ் முதல் கறுப்பின வீரரைக் களமிறக்கியது 1959 ஜூலை 21-ல். பம்ப்ஸி கிரீன். அவரும் இன்ஃபீல்டர். மேஜர் லீக் அணிகளிலேயே கடைசி.

ரிக்கியைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். ராபின்சன் அப்போது கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பின லீக் அணியில் மாதம் 400 டாலருக்கு ஆடிக்கொண்டிருந்தார். ரிக்கி அந்த அணிக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. அந்த லீக்குகளை முறையான அமைப்பாகவே அவர் மதிக்கவில்லை. மோனார்க்ஸ் உரிமையாளர்கள் முதலில் ஆட்சேபித்தார்கள், பிறகு ஒரு கறுப்பின இளைஞனின் வாய்ப்புக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று விட்டுவிட்டார்கள். டோபியை எடுத்த கிளீவ்லண்ட் உரிமையாளர் பில் வீக், அவருடைய பழைய அணிக்கு 15,000 டாலர் கொடுத்தார். ஆக, கொடுக்க முடியாத காரியமில்லை. ராபின்சனை எல்லோரும் ஃப்ரீ ஏஜென்ட் போல நடத்தியதற்குக் காரணம் அவருக்கு உரிமை இருந்தது அல்ல, அவருடைய அணிக்கு உரிமை இல்லை என்று நினைத்ததுதான்.

வெள்ளை வீரர்களின் நிலை நேர் எதிர். ஒப்பந்தத்தில் ரிசர்வ் கிளாஸ் என்று ஒரு பிரிவு. ஒரு அணியில் கையெழுத்துப் போட்டால் அவர்களாக விடும்வரை வேறு அணிக்குப் போக முடியாது. விற்கலாம், மாற்றலாம், வீரரைக் கேட்க வேண்டியதில்லை. மேஜர் லீக்குக்குள் வந்தபின் ராபின்சனும் அதற்குள் மாட்டினார். 1956 டிசம்பரில் அவரை ஜயன்ட்ஸ் அணிக்கு மாற்றினார்கள். போகாமல் ஓய்வு பெற்றுவிட்டார். 1970-ல் கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரர், நான் மாட்டுச் சந்தைப் பொருளா என்ற பாணியில் வழக்குக்குப் போனார். ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல வரவில்லை. 1970-ல் நீதிமன்றத்துக்கு வந்து ஃப்ளட்டுக்காகச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ஜாக்கி ராபின்சன். சர்க்கரை நோயில் பார்வை மங்கிக்கொண்டிருந்த காலம். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று ஃப்ளட் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில் ராபின்சன் இறந்தார், வயது 53. ரிசர்வ் கிளாஸ் கட்டு அவிழ்ந்தது 1975 டிசம்பரில், வேறு இரண்டு பந்துவீச்சாளர்களின் வழக்கில். இன்று ஃப்ரீ ஏஜென்டுகள் கோடிக்கணக்கில் பேரம் பேசுவது அதன்பின் வந்த வசதி.

சாம் ஜெத்ரோ 1950-ல் மேஜர் லீக்குக்கு வந்தார். எந்த ஊர் தெரியுமா? அதே பாஸ்டன். அங்கே இருந்த இன்னொரு அணியான பிரேவ்ஸ். வந்த ஆண்டே சிறந்த புதுமுகம், 33 வயதில். அந்தப் பெரியவர் டஃபியின் .440 சாதனை 130 ஆண்டு நின்றது. 2024-ல் கறுப்பின லீக்குகளின் கணக்கையும் மேஜர் லீக் கணக்கில் சேர்த்தார்கள். 1943-ல் ஜாஷ் கிப்சன் எடுத்த .466 மேலே வந்துவிட்டது. கிப்சன் மேஜர் லீக்கில் காலெடுத்து வைக்கவே இல்லை. ராபின்சன் முதல் ஆட்டம் ஆடுவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் காலமாகிவிட்டார்.

மூன்றாவது அட்டை மார்வின் வில்லியம்ஸுடையது. மெக்சிகோவில் ஆடினார், கீழ்நிலை லீக்குகளில் ஆடினார். மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை.

தம்பி, உன் இன்ஃபீல்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய தோளை டாக்டர் பார்க்கட்டும், எத்தனை வருட ஒப்பந்தம் என்பதை உங்கள் முதலாளி பார்க்கட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அந்த மனிதருக்குச் சொல்லிவிடச் சொல். ஃபென்வேயில் வலதுபக்க மாடத்தின் மேலே ரெட் சாக்ஸ் பெரியவர்களின் எண்கள் வரிசையாக இருக்கும். அதில் 42-உம் இருக்கிறது, அந்த அணிக்கு ஒரு நாளும் ஆடாத ராபின்சனின் எண். எல்லா அணிகளும் 1997 முதல் அந்த எண்ணை மரியாதைக்காக ஒதுக்கி வைத்திருக்கின்றன. அடுத்த முறை ஆட்டம் பார்க்கப் போகும்போது அதையும் அந்த இடதுபக்கச் சுவரையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அந்தக் கோ-கோ பெண்ணோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள்.